ஆண்டனி ராஜின் மேல் பாதி

ஆண்டனி ராஜ் ஜீப் ஓட்டுவதை நிறுத்திய அதே மழைக்காலத்தில்தான் அவருடைய பில்லியர்ட்ஸ் ஸ்டிக்கும் சரியாக ஆடாமல் போனது. உடம்பு போனதால் கை போனது, கை போனதால் ஆட்டம் போனது என்று அவர் நம்பினார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அப்படித்தான் நம்பினோம். உண்மை வேறாக இருந்தது.

மாதா கோயில் மணி அடிப்பது, பீடத்துக்கு மெழுகுவத்தி வைப்பது, பக்கத்து மண்டபத்தைக் கூட்டித் திறந்து வைப்பது என் வேலை. அதனால் மண்டபத்தில் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. வீட்டில் நடந்ததை அவர் மனைவி அமலி சொன்னார். படிப்பு குறைவு எனக்கு. தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஆண்டனி ராஜ் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா காப்பிப் பழம் உரிக்கிற மெஷினில் வேலை பார்த்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பாடத்தை விடத் தச்சுப் பட்டறை மேல்தான் அவருக்கு ஆசை. மரத்தைத் தடவிப் பார்த்தே அது காய்ந்ததா பச்சையா என்று சொல்லுவார். ஆனால் பிழைப்பு என்று வந்தபோது ஜீப்தான் கிடைத்தது. ஏரிக்கரையில் நின்று வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் எல்லா இடமும் காட்டிக் கொண்டுவந்து விடுவார். மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போனால், உள்ளே போனவர்கள் வரும்வரை வெளியில் நின்று அவரும் ஒரு தரம் கை கூப்பிக்கொள்வார். ஒருமுறை நான் கேட்டதற்கு, “அவங்களுக்கு அது சாமிங்க, எனக்குப் பிழைப்புங்க. ரெண்டுக்கும் சேர்த்துக் கும்பிட்டா நம்ம ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாருங்க” என்றார்.

அந்த ஜீப் அவர் முதுகைத் தின்றுவிட்டது. சேலத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்திருக்கிறது, நிற்கலாம், நடக்கலாம், உட்கார்ந்து குலுங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் ஆஷ்லின் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அமலிக்குப் பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. அந்த ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டியதாயிற்று.

இப்போது மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம், பங்களாவில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையை எங்கள் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு குழி உள்ள மேசை. நம்பர் போட்ட பந்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசியில் கறுப்புப் பந்தைத் தள்ள வேண்டும். ஞாயிறு பூசை முடிந்தால் ஆண்கள் அங்கேதான் கூடுவார்கள். அப்போது பங்குச் சாமியாராக இருந்தவர் பெரியநாயகம் சாமியார். எங்கள் ஆட்கள் சிலர் ஆட்டத்தில் தேறியதும் சேலத்துக்குப் போய்ப் பந்தயம் கட்டி ஆடத் தொடங்கினார்கள். சாமியார் ஒரு சட்டம் போட்டார். அந்தச் சட்டம் வேறு எந்த ஊரிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரு ஸ்டிக். அந்த ஸ்டிக் நடுவில் மரை வைத்துத் திருகிச் சேர்க்கிற ஸ்டிக்காக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கழற்றி, மெல்லிசாக இருக்கிற மேல் பாதியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், கனமான கீழ்ப் பாதியை மற்றவர் கொண்டுபோக வேண்டும். “இனிமேல் தனியா எவனும் சூதாடப் போக முடியாது. போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் நரகத்துக்குப் போகணும்” என்று சாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மாறுதலாகிப் போன பிறகும் சட்டம் நின்றுவிட்டது. ஜோடி சேருகிறவர்கள் முதல் நாள் இரண்டு பாதிகளையும் பீடத்தின் முன்னால் வைத்து எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் பாதியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சாமியார் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் பார்த்ததில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

ஆண்டனி ராஜுக்கு ஜோடி கோவிந்தராஜ். கடைவீதியில் மிளகு, ஏலம், காப்பித்தூள் விற்கிறவர். அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து சின்ன வயதிலேயே மேலே வந்துவிட்டவர். நெற்றியில் திருநீறோடுதான் மண்டபத்துக்கு வருவார். மாதா திருவிழாச் சாப்பாட்டுக்கு மிளகு அவர் கடையிலிருந்துதான் வரும், காசு வாங்க மாட்டார். அவர் ஜோடி சேர்ந்த அன்றைக்குப் பாதியைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு எங்களைப் போலவே முழந்தாளிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் செய்தார்.

மேல் பாதி ஆண்டனி ராஜுடையது. எங்கள் ஊர்ப் பனியில் மரம் வளைந்துவிடும். அதனால் அவர் அதைப் பழைய கம்பளித் துணியில் சுற்றி, அடுப்படிச் சுவரில் நேராகத் தொங்கவிட்டிருப்பார். சனிக்கிழமை எடுத்து மேசைமேல் உருட்டிப் பார்ப்பார். வளைவு இருந்தால் உருளும்போது தலையாட்டும். அவருடையது ஒருநாளும் தலையாட்டியதில்லை. பிறகு மெல்லிய துணியால் நீவிக்கொண்டே இருப்பார்.

“அம்மிணி, உன்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிக் கவனிச்சிருக்கிறானா?” என்று கோவிந்தராஜ் அமலியைக் கேட்பார்.

“நானு வளைஞ்சு போயிட்டனுங்ண்ணா, அதுதான் செவுத்துல தொங்க வுடல” என்பார் அமலி.

ஸ்டிக்கைப் பற்றிக் கேட்டால் ஆண்டனி ராஜ் முகம் மலரப் பேசுவார். நுனியில் இருக்கிற தோல் டிப் கெட்டியாக இருந்தால் பந்து சட்டென்று பறந்துவிடும், மெத்தென்று இருந்தால் பந்தைக் கொஞ்சம் பிடித்துச் சுழற்றிவிடும். டிப்புக்குக் கீழே இருக்கிற வெள்ளை வளையம் லேசாக இருக்க வேண்டும். அங்கே கனம் கூடினால், பந்தின் ஓரத்தில் தட்டும்போது பந்து கோட்டை விட்டு விலகிப் போகும். மேல் பாதி மெலிந்தால் சாட்டை மாதிரி துள்ளும், தடித்தால் விரலில் ஓடாது. கீழ்ப் பாதியில் கனம், அதற்காக உள்ளே ஒரு இரும்பு போல்ட் இருக்கும். கனம் கூடினால் மெதுவாகத் தட்டினாலும் பந்து ஓடிவிடும், குறைந்தால் கையே தள்ள வேண்டும். நடுவில் மரை இறுக்கமாக இருந்தால் அடித்த அடி அப்படியே உள்ளங்கைக்கு வந்து சேரும். “எல்லாம் தனித்தனிச் சாமானுங்க. ஆனா கையில பிடிச்சா ஒண்ணாத் தெரியணும்” என்பார். அவர்களுடைய ஸ்டிக் அப்படித்தான் இருந்தது. கறுப்புப் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விட்டு, வெள்ளைப் பந்தைத் தான் நினைத்த இடத்தில் நிறுத்துவார். அந்த மெல்லிய தட்டுத்தான் அவர் ஆட்டம்.

குப்பனூர் ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்தது. விளையாட்டு அறையில் மேசைகள் போட்டார்கள். விருந்தாளிகளுக்கு ஆடிக் காட்டவும், சொல்லிக் கொடுக்கவும், ஸ்டிக்குகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஜோடி ஆள் வேண்டும் என்று அதன் மேனேஜர் கடைவீதியில் விசாரித்தார். எல்லோரும் ஒரே ஜோடியைத்தான் சொன்னார்கள். மேனேஜர் மண்டபத்துக்கு வந்து இருவரிடமும் பேசினார். மாதா திருவிழாவன்று நடக்கிற போட்டிக்கு வருகிறேன், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று போனார்.

நின்றுகொண்டே செய்கிற வேலை. டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் சரியாக இருந்தது. ஆண்டனி ராஜ் அன்றைக்குக் கோயிலுக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது கோவிந்தராஜ் படியில் காத்திருந்தார்.

“கோவிந்து, ஆண்டவர் நமக்குக் கதவத் தொறந்துட்டாருப்பா.”

“உனக்குத் தொறக்கட்டும். நானும் ஓரமா நுழைஞ்சுக்கறேன். மிளகெல்லாம் இப்ப போன்லயே வாங்கிப்போடறாங்க. கடைல நானும் ஈயும்தான்.”

இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அதை நான் பார்த்தேன்.

ஆடி மாதப் பனி இறங்கிய பிறகுதான் முதல் கோளாறு. கறுப்புப் பந்து குழிக்குள் விழுந்தது, ஆனால் வெள்ளைப் பந்து நிற்காமல் ஓடி அதுவும் விழுந்தது. அப்படி விழுந்தால் ஆட்டம் போச்சு. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆண்டனி ராஜ் கையை உதறிக்கொண்டார். “கை கனக்குதுப்பா. முதுகு வலி இங்க வரைக்கும் வந்துருச்சாட்ட இருக்குது” என்றார்.

“டிப் போயிருக்கும். மாத்திப் பாரு” என்றார் கோவிந்தராஜ்.

ஆண்டனி ராஜ் பழைய டிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு மெத்தென்று புது டிப் ஒட்டினார். பந்தைப் பிடித்து நிறுத்தும் என்று நினைத்தார். பிடிக்கவில்லை. ஓட்டம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் மங்கிப்போனது. முன்பு ‘டக்’ என்று கேட்டது இப்போது ‘டொப்’ என்று கேட்டது. வெள்ளை வளையத்தில் விரிசல் இருக்கும் என்று தோன்றியது அவருக்கு. அதையும் கழற்றினார். அதே வளையம் கிடைக்காததால் பட்டறையில் பித்தளையில் ஒன்று கடைந்து போட்டார். அதனால் முன்பக்கம் கனம் கூடியது. ஓரத்தில் தட்டினால் பந்து கோட்டை விட்டு விலகியது. முன்பு அவர் மற்றவர்களுக்குச் சொன்னது அவருக்கே மறந்துபோயிருந்தது.

கடைசியில் மரத்தின் மேல் கை வைத்தார். பனி குடித்து ஊதிவிட்டது என்று நினைத்தார். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, உப்புத்தாளால் மேல் பாதியைத் தேய்க்கத் தொடங்கினார். நான் படியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. கோவிந்தராஜ் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“போதுமாப்பா கோவிந்து?”

“இன்னுஞ் சித்தெத் தேயி.”

“நொம்பத் தேய்ச்சா துள்ளுமே.”

கோவிந்தராஜ் டீயை ஊதினார். “உனக்குத் தெரியாததா” என்றார்.

ஆண்டனி ராஜ் இன்னும் தேய்த்தார்.

அமலிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து கணவருக்குக் குடை கொண்டுவந்தவர், அவர் செருப்பு மாட்டுகிற வரைக்கும் ஸ்டிக்கை முழுசாகக் கையில் வாங்கி வைத்திருந்தார். விடுதியில் பெரிய அண்டாவைக் கிளறுகிற கை அது.

“ஏனுங்க, இது முன்னாடி இவ்வளவு கனமாவா இருந்துச்சு?”

“எனக்கு முதுகு போனதுல இருந்து எல்லாம் கனந்தான்.”

“எனக்கு முதுகு போகலீங்களே. எனக்கும் கனக்குதே. பின்னாடி இழுக்குது பாருங்க. நீங்க உங்க பாதியத்தான் சொரண்டிச் சொரண்டிப் பாக்கறீங்க. கீழ்ப் பாதியத் தொறந்து பாத்தீங்களா?”

ஆண்டனி ராஜ் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் முகம் சிவந்தது. ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டார். “அது அவனோட பாதி. அவன் முன்னால இந்தப் பேச்சு பேசினே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்றார். கோவிந்தராஜ் அப்போது உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்குமா என்று தெரியாது. வெளியே வந்து, வழக்கம்போல் கீழ்ப் பாதியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, “வர்றேன் அம்மிணி” என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார்.

மனைவியின் மேல் கோபித்துக்கொண்டாலும் அந்தச் சொல் ஆண்டனி ராஜின் மனதில் விழுந்துவிட்டது. திருவிழா வரைக்கும் அவர் அதோடு போராடினார் என்று அமலி சொன்னார். அடுப்படியில் மேல் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, “டிப் மாத்தியாச்சு. வளையம் மாத்தியாச்சு. மரமும் தேய்ச்சாச்சு. என்கிட்ட இனி மாத்த எதுவுமில்ல” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு, இப்படி நினைப்பதே பாவம் என்று சிலுவை போட்டுக்கொண்டு எடுத்து மாட்டிவிடுவாராம்.

திருவிழாவன்று பெரிய பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மண்டபம் நிறைந்துவிட்டது. மேனேஜர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆண்டனி ராஜும் கோவிந்தராஜும் சின்னச் சின்ன ஜோடிகளோடு எப்படியோ ஜெயித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கோவிந்தராஜ் அருமையாக ஆடினார். அவருக்கு அந்தக் கனம் ஒன்றும் செய்யவில்லை. அதை நாங்கள் பிறகுதான் யோசித்தோம். ஆண்டனி ராஜ் தட்டுவது மட்டுமே தடுமாறியது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவர் கோவிந்தராஜைச் சன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கேதான் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றேன்.

“கோவிந்து, தப்பா நினைக்காதப்பா. கீழ்ப் பாதிய ஒருக்காத் தொறந்து பாத்துக்கலாமா? உள்ள போல்ட் கீது தளர்ந்திருக்குமோ என்னமோ.”

அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை. கோவிந்தராஜ் மேனேஜர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“இப்பத் தொறந்தா ஆட்டத்துக்கு நேரமாயிரும். முடியட்டும், அப்புறம் நீயே தொறந்துக்க.”

“சரிப்பா” என்றார் ஆண்டனி ராஜ். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. திறந்துகொள் என்று சொல்லிவிட்டானே, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டார்.

கடைசி ஆட்டம் டீக்கடைப் பையன்கள் இருவரோடு. கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். குழி வாயிலேயே நின்றது. குழந்தை தட்டினாலும் விழும். வெள்ளைப் பந்து பின்னால் போய் விழாமல் நிறுத்துவதுதான் வேலை, அது ஆண்டனி ராஜின் வேலை. அவர் முதுகை மெல்ல வளைத்துக் குனிந்தார். மூச்சை விட்டார். தட்டினார். மெலிந்த மரம் கையில் துள்ளியது. கறுப்பு விழுந்தது. வெள்ளை அதன் பின்னாலேயே போய் விழுந்தது.

பையன்கள் குதித்தார்கள். மண்டபம் அவர்களைச் சுற்றிக்கொண்டது. மேனேஜர் எழுந்து நேராகக் கோவிந்தராஜிடம் வந்து தோளில் தட்டினார். அவர் நல்ல மனுசர்தான், ஒன்றும் மறைக்கத் தெரியாதவர். “உங்க ஆட்டம் பிரமாதம் சார். லோகேஷைக் கூட்டிக்கிட்டுத் திங்கக்கிழமையே வந்துடுங்க. பேசினபடிதான்” என்றார். ஆண்டனி ராஜைப் பார்த்து, “நீங்க உடம்பப் பாத்துக்குங்க” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

லோகேஷ் கோவிந்தராஜின் அக்கா மகன். சேலத்தில் கிளப்பில் ஆடுகிற பிள்ளை என்று எங்களுக்குத் தெரியும்.

ஆண்டனி ராஜ் ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பினார். கீழே இருக்கிற ரப்பர் மூடியைப் பிடுங்கினார். உள்ளே போல்ட் இருந்தது. பழைய போல்ட் கட்டையாக, கறுத்து இருக்கும். ஸ்டிக்கை இருவரும் சேர்ந்து வாங்கிய நாளில் அந்தப் போல்ட்டை அவரே துடைத்துப் போட்டிருந்தார். இது நீளமாக, புதுசாகப் பளபளத்தது.

“யாரு மாத்துனா?”

“உக்காரு. சொல்றேன்.”

“நிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு.”

கோவிந்தராஜ் சொன்னார். மேனேஜர் முதல் தடவை மண்டபத்துக்கு வந்துவிட்டுப் போன பிறகு கோவிந்தராஜின் கடைக்குப் போயிருக்கிறார். அந்த முதுகுக்காரர் நாள் முழுக்க நிற்பாரா, வேறு ஜோடி இல்லையா என்று கேட்டிருக்கிறார். கோவிந்தராஜ் அக்கா மகன் பேரைச் சொல்லியிருக்கிறார். லோகேஷிடம் கார்பனில் செய்த கறுப்பு மேல் பாதி ஒன்று இருந்தது. அதே மரை, கோவிந்தராஜின் கீழ்ப் பாதியில் அப்படியே ஏறிக்கொண்டது. ஆனால் லேசு. அதற்குச் சரிக்கட்டக் கீழே கனமான போல்ட் போட வேண்டும் என்று சேலத்துக் கடைக்காரன் சொல்லிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்கச் சேலம் போவதாகச் சொல்லிப் போய், இருவரும் சேர்ந்து ஆடிப் பழகியிருக்கிறார்கள். ரிசார்ட் வேலை ஆடி பிறக்கும் முன்னாலேயே முடிவாகிவிட்டது. திருவிழாவுக்கு மேனேஜர் வந்தது சும்மா பார்க்க.

“ஞாயித்துக்கிழமைக்காச்சும் பழைய போல்ட்டப் போட்டிருக்கலாமல்லோ” என்றார் ஆண்டனி ராஜ்.

“ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட முடியுமாப்பா? உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்.”

“தெரிஞ்சுதே. மொத வாரமே தெரிஞ்சுதே. கை கனக்குதுன்னு உன்கிட்டத்தான சொன்னேன்.”

“அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. வாய் வரல.”

“டிப்ப மாத்திப் பாருன்னு சொல்றதுக்கு வாய் வந்துச்சு.”

ஆண்டனி ராஜ் ரப்பர் மூடியை மேசைமேல் வைத்தார்.

“வேலை போறது போகட்டும். உனக்கும் கடை ஓடல, எனக்குத் தெரியும். ‘உன்ற முதுகு ஆகாது, நானு லோகேஷக் கூட்டிட்டுப் போறேன்’னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருந்தா, சரி போப்பான்னு சொல்லியிருப்பேன். நானு படிக்கட்டுல உக்காந்து என்ற பாதியத் தேய்க்கறேன், நீ பக்கத்துல உக்காந்து டீ குடிக்கறே. போதுமான்னு கேட்டா, இன்னுஞ் சித்தெத் தேயிங்கறே.” அவர் குரல் உயரவே இல்லை. “எப்பிடிப்பா அந்த டீ எறங்குச்சு?”

அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஆண்டனி ராஜ் தன் பாதியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு மண்டபத்துக்கு வரவில்லை. வீட்டில் அதிகம் பேசுவதில்லை என்று அமலி சொன்னார். “நீ சொன்னது சரிதான்” என்று மட்டும் ஒருநாள் சொன்னாராம். “சரியா இருந்து என்னங்க பண்றது, எனக்கும் சந்தோசமா இல்ல” என்றாராம் அமலி. ஆண்டனி ராஜ் விடுதிக்குப் போய் அமலிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். அதுவும் நின்றுகொண்டே செய்கிற வேலைதான், ஆனால் சம்பளம் இல்லாத வேலை. ஆஷ்லின் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று போனில் அழுததாகக் கேள்விப்பட்டேன்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு நாங்கள் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த வாரம், லோகேஷ் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்த நாள் மத்தியானம் கோவிந்தராஜ் ஆண்டனி ராஜ் வீட்டுக்கு வந்தார். குடில் கட்டக் கயிறு கேட்டு நானும் அப்போது அங்கே போயிருந்தேன். கோவிந்தராஜ் கையில் துணி சுற்றிய கீழ்ப் பாதி இருந்தது.

“பழைய போல்ட்டையே போட்டுட்டேன் ராசு. நீயே பாரு. மேனேஜர் உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. நம்ம ரெண்டு பேருந்தான்.”

ஆண்டனி ராஜ் வாங்கினார். உள்ளே போய் மேல் பாதியை எடுத்துவந்து திருகினார். காற்றில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மெலிந்துபோன மேல் பாதியும் பித்தளை வளையமும் அந்தப் பழைய கீழ்ப் பாதியோடு சேரவில்லை. தொட்டுப் பார்க்காத எனக்கே அது தெரிந்தது, நுனி அப்படி ஆடியது.

“உன்ற பாதிய நீ சரி பண்ணிட்டே” என்றார். “ஒரு போல்ட்டுதான, கழட்டினாச் சரியாப் போச்சு. என்றது அப்பிடி இல்ல.” கழற்றி, கீழ்ப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற மேல் பாதி வாங்கிக்கலாம்ப்பா. நான் வாங்கித் தர்றேன்.”

“வேண்டாம்.”

அமலி டீ கொண்டுவந்து கோவிந்தராஜின் முன்னால் வைத்தார். அவர் அதை எடுக்கவில்லை. அது ஆறிக்கொண்டிருந்தது.

ஆண்டனி ராஜ் பேசினார். “வேலைக்கு வர்றேன். என்ற புள்ள படிக்கோணும், அதுக்காக வர்றேன். மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன். ஆனா உன்ற ஜோடியா வரல. ஆடிக் காட்டச் சொன்னா உன்ற எதுத்தாப்புல நிக்கறேன். அதுக்கு உனக்குச் சம்மதமா?”

“சம்மதம்” என்றார் கோவிந்தராஜ். வேறு என்ன சொல்ல முடியும்?

இப்போது இருவரும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஆண்டனி ராஜ் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவார், கோவிந்தராஜ் பின்னால் உட்கார்ந்திருப்பார். ரிசார்ட்டில் இருக்கிற ஏதாவது ஒரு ஸ்டிக்கை எடுத்து ஆண்டனி ராஜ் ஆடுகிறார். பெரும்பாலும் ஜெயிக்கிறார். ஜெயித்ததைப் பற்றி வீட்டில் சொல்வதில்லை. ஆஷ்லின் படிப்பை விடவில்லை, அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

ஒருநாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்த ஆண்டனி ராஜ் என்னிடம் நின்றார். “சின்னத்தம்பி, மன்னிச்சுட்டேன்னு சாமியார்கிட்டச் சொல்லிட்டேனுங்க. பொய் சொல்லிட்டனோன்னு இருக்குதுங்க” என்றார். வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வேண்டிக்கொண்டும் இருக்கிறேன்.

ஞாயிறு பூசையில் அவர் எனக்குப் பக்கத்து வரிசையில்தான் நிற்பார். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவர் குரலும் கேட்கும். மற்றவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் அந்தக் குரல் நின்றுவிடும். அந்த வரியை நாங்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் தரையைப் பார்த்து நிற்பார். பிறகு மறுபடியும் எங்களோடு சேர்ந்துகொள்வார்.